பசை காயும் நேரம்

மத்வேய் இலியிச் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். எந்த வாக்கியமாக இருந்தாலும் சரி என்றார். கதவைச் சாத்து, கஞ்சியைக் குடி, எதுவானாலும் பரவாயில்லை. அது அவருடைய அம்மாவின் குரலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு எண்பத்தைந்து வயது. அம்மாவைக் கூட்டிப் போனபோது ஐந்து. 1951ஆம் வருடம் மே மாதத்தில் ஒரு காலை, கோட்டு போட்ட இரண்டு பேர் வந்தார்கள், அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு அவர்களோடு படியிறங்கினாள், பிறகு வரவில்லை. குரல் அவருக்கு ஞாபகமில்லை. முகமும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே புகைப்படத்தில் அம்மாவின் முகத்தைப் பக்கத்து அறைக் கிளாவா அத்தை நகம் வெட்டும் கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். அந்தக் காலத்தில் லெனின்கிராடில் அது வழக்கம்தான். கைதானவரின் முகம் வீட்டில் இருந்தால் வீட்டில் மிஞ்சியவருக்கும் ஆபத்து. படத்தை எனக்குக் காட்டினார். பூப்போட்ட கவுன், மடியில் ஒரு குண்டுக் குழந்தை, மேலே ஓட்டை.

நான் சுவர் வாசிக்கிற வேலை பார்க்கிறேன். பெயர் ஜோயா. ரஷ்யப் பெயர், ஆனால் ஊர் கோயம்புத்தூர் சிங்காநல்லூர். அப்பா மாரப்பன் பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். எங்கள் தெருவில் என்னையும் சேர்த்து மூன்று ஜோயா, இரண்டு நடாஷா, ஒரு யூரி. எல்லோரும் சோளச்சோறு தின்று வளர்ந்த ரஷ்யர்கள். அதில் நிஜமாகவே ரஷ்யாவுக்கு வந்து சேர்ந்தவள் நான் ஒருத்திதான். படிக்க வந்தேன், அப்புறம் பனியில் சிக்கிய வண்டி மாதிரி இங்கேயே நின்றுவிட்டேன்.

மத்வேய் இலியிச் முதல் நாளே என் அப்பா பெயரைக் கேட்டார். இங்கே பெரியவர்களை அப்பா பெயரைச் சேர்த்துத்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"மாரப்பன்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "அப்போ நீங்க ஜோயா மாரப்பனோவ்னா."

பதினோரு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு பெயரை யாரும் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னபோது அவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"என்ற பேர அங்க ரசியாவுல சொல்றாங்களா கண்ணு?"

"உங்க பேர்ல பாதிய சொல்றாங்கப்பா."

"பாதியோ முழுசோ, சொல்றாங்கல்ல." அம்மாவின் பக்கம் திரும்பி, "ஏனம்மணி, கேட்டியா?" என்றார். அவர் சோவியத் நாட்டைப் பார்த்ததே இல்லை. அந்த நாடு இல்லாமல் போய் நாற்பது வருடமாகிறது. ஆனாலும் நெவா ஆற்றை வீடியோவில் காட்டினால், சாமி கும்பிடாத அந்த மனுஷன் கை கூப்புவார். எனக்குச் சிரிப்பு வரும்.

சுவர் எப்படிப் பேசும் என்று அப்பாவுக்குப் புரியவைப்பது சுலபமாக இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கச் சுவரில் பசை தடவியவர்.

"சுவர் பேசலப்பா, பசைதான் பேசுது. நீங்க எலெக்சனுக்கு மைதாப் பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டுவீங்கல்ல? அது ஓரத்துல இருந்து காய ஆரம்பிக்கும். காஞ்ச எடத்துக்கும் ஈர எடத்துக்கும் நடுவுல ஒரு கோடு மெல்ல மெல்ல உள்ள நகரும். அந்த நேரத்துல ரூம்ல யாராவது பேசுனா சுவர் துளியூண்டு அதிரும். அந்த அதிர்வு அந்தக் கோட்டுல அப்படியே உறைஞ்சு போயிரும்."

"ரெக்கார்டு மாதிரியா?"

"அதே மாதிரிதான். இங்க ஊரு குளிரு. பசை காய ஒரு நாள்கூட ஆகும். அந்த ஒரு நாள் பேச்சு பூரா உள்ள இருக்கும். அதுவும் இங்க வால்பேப்பருக்கு அடியில முதல்ல பழைய நியூஸ் பேப்பர ஒட்டுவாங்க. பேப்பர்லயே தேதி இருக்கும்."

"அப்பொ நாங்க ஒட்டுன போஸ்டருக்குள்ளயும் எங்க பேச்சு இருக்கும்னு சொல்லு."

"உங்க போஸ்டரத்தான் மறுநாளே மாடு தின்னுருமே."

அப்பா அதற்குச் சிரித்தார். பிறகு, "ஒருக்காத்தான் கேக்க முடியுமா, எத்தன தடவ வேணும்னாலும் கேக்கலாமா?" என்றார். சங்கத்துக்காரர், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவார்.

ஒரே தடவைதான். எங்கள் கருவியின் ஒளி பசையைத் துகள் துகளாகப் பெயர்த்தெடுத்துத்தான் படிக்கும். படித்த இடத்தில் பசையும் இருக்காது, பேப்பரும் மிஞ்சாது, தூள்தான். எடுத்த ஒலி கருவியின் நினைவில் இருக்கும். மாலை ஆறு மணிக்கு அதில் என்ன இருக்கிறதோ அத்தனையும் தானாக ஒலி ஆணையத்துக்குப் போய்விடும். பழைய சுவர்களில் என்னென்னவோ வெளியே வரத் தொடங்கிய பிறகு வைத்த சட்டம் அது. ஆணையம் கேட்டு முத்திரை போட்டால்தான் குடும்பத்துக்குக் கிடைக்கும். ஆறு மணிக்கு முன்னால் எங்களுக்கு ஒரே ஒரு உரிமை உண்டு. பயனில்லாத ஒலியை 'இரைச்சல்' என்று குறித்து அழித்துவிடலாம். தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம், டிராம் வண்டி, இப்படி. அழித்தால் அழித்ததுதான்.

மத்வேய் இலியிச்சின் அறை ஊருக்குள்ளேயே இருக்கும் வசீலி தீவில், மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரே வீட்டை ஆறு குடும்பங்களுக்கு அறை அறையாகப் பிரித்துக் கொடுத்த காலத்து வீடு. ஆளுக்கு ஓர் அறை, எல்லோருக்குமாக ஒரு சமையலறை. மற்றவர்கள் காலி செய்துவிட்டார்கள். மே மாதக் கடைசியில் உள்சுவர்களை எல்லாம் இடித்து, பணக்காரர்களுக்கு அகலமாகக் கட்டப்போகிறார்கள். எனக்கிருந்தது ஏழு வாரம்.

முதல் மூன்று சுவர்களுக்கும் 1949இல் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். மூன்றிலும் ஒரு குரல்கூடத் தேறவில்லை. எல்லாம் வானொலி. அணிவகுப்புப் பாட்டு, எஃகு உற்பத்திக் கணக்கு, மறுபடி பாட்டு. அந்தக் காலத்து அறைகளில் சுவரில் ஒரு வானொலிப் பெட்டி தொங்கும். நிலையம் மாற்ற முடியாது, அணைக்கவும் யாரும் துணிய மாட்டார்கள். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

"அம்மா அத எப்பவும் சத்தமாத்தான் வைப்பாங்களாம்," என்றார் மத்வேய் இலியிச், ஜன்னல் திட்டில் உட்கார்ந்தபடி. "பேசறது பக்கத்து ரூமுக்குக் கேக்கக்கூடாதுன்னு. கிளாவா அத்தை சொல்லியிருக்காங்க."

"கிளாவா அத்தைதான் உங்கள வளர்த்தாங்களா?"

"அநாத ஆசிரமத்துக்கு அனுப்பாம எழுதி வாங்கிக்கிட்டாங்க. முப்பது வருஷம் என் சட்டையத் துவைச்சாங்க. எம்பத்திநாலுல நான்தான் அடக்கம் பண்ணேன்." எழுந்து கெட்டிலை எடுத்தார். "அம்மாவப் பத்தி யாரோ சொல்லிட்டாங்க. அதான் கூட்டிட்டுப் போனாங்க. நீ டீ குடிக்கிறியா?"

அன்றுதான் முதன்முறையாக என்னை 'நீ' என்றார். இங்கே பெரியவர்கள் சுலபமாக நீ என்று இறங்க மாட்டார்கள். எனக்குச் சொந்தத்தில் ஒருவர் கிடைத்த மாதிரி இருந்தது. செர்ரிப் பழ ஜாமை டீயில் கலக்காமல் கரண்டியில் தனியாகச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார். அவர் நில அளவைத் துறையில் நாற்பது வருடம் இருந்தவர். ஜாமைக்கூட ஒரே மட்டமாகத்தான் கரண்டியில் எடுப்பார்.

மிஞ்சியது நான்காவது சுவர். கூரை ஒழுகியதால் அதற்கு மட்டும் 1951 ஏப்ரலில் புதிதாக ஒட்டியிருந்தார்கள். வால்பேப்பரை உரித்ததும் அடியில் நியூஸ் பேப்பர் தெரிந்தது. ஏப்ரல் பதினாறாம் தேதி. நான் அதைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் தலைவரின் படம், மீசையும் பதக்கமுமாக, தலைகீழாக ஒட்டியிருந்தது.

அந்தக் காலத்தில் அது விளையாட்டு இல்லை. பேப்பரை மீன் சுற்றக் கிழிப்பதற்கு முன்னால்கூட அந்த முகம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அவரைப் பசை தடவிச் சுவரில் புதைப்பதே தப்பு, தலைகீழாக என்றால் கேட்கவே வேண்டாம். பேப்பர் ஒட்ட வேண்டுமானால் முதலில் படத்தைக் கத்தரித்துப் பத்திரமாக எடுத்து வைத்துவிட வேண்டும். இவ்வளவு பயந்து ரேடியோவைக் கூட்டி வைத்த பெண் எப்படி இதைச் செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பசையில் இருந்ததைக் கேட்டதும் விளங்கிவிட்டது. அந்தச் சுவரில்தான் ரேடியோ மாட்டியிருந்தது. பேப்பர் ஒட்டுவதற்காக அதைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் முதன்முறையாக அந்த அறையில் அணிவகுப்புப் பாட்டு இல்லை. தாயும் பிள்ளையும் அந்த மத்தியானம் பயத்தையே மறந்துவிட்டிருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி. பெரியவர் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார். நான் தனியாகக் கேட்டேன். ரைஸா என்கிற அந்த அம்மாவின் குரல் நான் நினைத்த மாதிரி இல்லை. கரகரப்பு, சளி பிடித்தவள் மாதிரி. முப்பத்திரண்டு நிமிடம் பேசுகிறாள், இருமுகிறாள், சிரிக்கிறாள். "மோத்யா, பசைய நக்காதடா, அது கஞ்சி இல்ல." மோத்யா என்பது மத்வேயின் செல்லப் பெயர். "மூலையில தடவு. இன்னும். அப்படித்தான், என் பெரிய மேஸ்திரி."

பிறகு குழந்தை கத்துகிறது. "அம்மா, மாமா தலைகீழா இருக்காரு!"

அப்புறம் அவள் சிரிக்கிறாள். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. "இருக்கட்டும் விடு. கொஞ்ச நேரம் ரத்தம் தலைக்கு ஏறட்டும். அப்பவாவது யோசிப்பாரு."

பசை தீர்ந்துபோய், இன்னும் காய்ச்சுவதற்காக அவள் சமையலறைக்குப் போகிறாள். கதவு திறக்கிறது. வேறொரு பெண் குரல். "தனியாவா இருக்க மோத்யா?" சாக்லேட் காகிதம் பிரிகிற சத்தம். குழந்தை வாயில் சாக்லேட்டை வைத்துக்கொண்டே பெருமையாகச் சொல்கிறது, மாமாவைத் தலைகீழாக ஒட்டியதை, ரத்தம் ஏறுவதை, எல்லாவற்றையும். "கிளாவா அத்தை, நீங்க ஏன் சிரிக்கல?" என்று கேட்கிறது. கதவு மூடுகிற சத்தம்.

அதற்குப் பிறகு அம்மா திரும்பி வருகிறாள். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது, அதற்கப்புறம் ரேடியோவைத் திரும்ப மாட்டிவிட்டார்கள், வெறும் பாட்டுதான். அதில் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். அதைக் கேட்டு முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். மணி மூன்றேகால்.

எனக்குத் தோன்றியது இதுதான். அம்மாவைக் காட்டிக் கொடுத்தது யாரோ என்று எண்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் போய், அது நீங்கதான், ஒரு சாக்லேட்டுக்கு, உங்களை வளர்த்த அத்தையிடம், என்று எப்படிச் சொல்வது? அவருக்கு இருப்பதே அந்த இரண்டு பெண்கள்தான். ஒரே அடியில் இரண்டு பேரையும் பிடுங்குவதா?

அப்பாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்பிடியெல்லாம் நடந்திருக்காது கண்ணு," என்றார் உடனே. "ஒரு படத்த தலகீழா ஒட்டுனதுக்கு ஆளப் புடிச்சுட்டுப் போவாங்களா? வெள்ளக்காரன் கட்டி உட்ட கதையெல்லாம் நம்பாத."

"அப்பா, நான் காதால கேட்டேன்."

எங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று ஓடுவது எனக்குக் கேட்டது. அப்பா எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்றைக்குக் கேள்விதான் கேட்டார்.

"அவுருக்கு வயசென்ன?"

"எண்பத்தஞ்சு."

"அப்பொ எதுக்குங் கண்ணு இதெல்லாம்? அவுங்கம்மா சிரிக்கறத மட்டும் குடு. மத்தத வெட்டி உட்ரு. கடைசிக் காலத்துல மனுசன் நிம்மதியாப் போகட்டும்."

"அப்படிச் செய்யலாமாப்பா?"

"நல்லதுக்குத்தான் வெட்டற. கெட்டதுக்கா?"

அவர் இவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்கு உறுத்தியது. ஆனாலும் அந்த வார்த்தைக்காகத்தான் நான் அவரைக் கூப்பிட்டேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தலைவரைக் கிண்டல் செய்கிற ஒலி ஆணையத்துக்குப் போனால் கோப்பு மூடாது. அவருடைய சிலைகள் ஊர் ஊராக மறுபடி எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. கேட்டவள் யார், எந்த நாட்டுக்காரி, விசா எதுவரை என்றெல்லாம் விசாரிப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இரக்கத்தில் எவ்வளவு, பயத்தில் எவ்வளவு என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே பொத்தானைத்தான் காட்டின.

மாலை ஐந்து நாற்பதுக்கு, அந்தக் கிண்டலிலிருந்து கடைசி வரைக்கும் 'இரைச்சல்' என்று குறித்தேன். நிச்சயமா என்று கருவி ஒருமுறை கேட்டது. நிச்சயம் என்றேன்.

ஆணையம் மூன்று வாரத்தில் முத்திரை போட்டு அனுப்பியது. குடும்ப உரையாடல், ஆட்சேபமில்லை.

அறை அதற்குள் காலியாகியிருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கெட்டில், ஜன்னல் திட்டில் ஒலிபெருக்கி. மத்வேய் இலியிச் சவரம் செய்து, கோட்டு போட்டு, டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் ஒலியை ஓடவிட்டேன்.

முதல் வார்த்தையிலேயே அவர் வாய் திறந்துகொண்டது. முப்பத்திரண்டு நிமிடமும் அப்படியே இருந்தார். அம்மா இருமியபோது, "எனக்கும் இதே இருமல்," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மேஸ்திரி என்று கூப்பிட்டபோது சிரித்தார். எண்பத்தைந்து வயது மனுஷன் ஐந்து வயது மாதிரி தோளைக் குலுக்கிச் சிரித்தார். நான் செய்தது சரிதான் என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஒலி நின்றது. அவர் காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான், மத்வேய் இலியிச்."

"கிளாவா அத்தை இன்னும் வரலையே."

நான் ஒலிபெருக்கியை அணைத்தேன்.

"சாக்லேட் கொண்டுட்டு வருவாங்க," என்றார் அவர். "அணில் படம் போட்ட சாக்லேட். நான் அவங்ககிட்ட மாமாவப் பத்திச் சொல்லுவேன். அது எங்க?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"அஞ்சு வயசுப் பையனுக்கு ஞாபகம் இருக்காதா? அம்மா மூஞ்சி மறந்துபோச்சு, குரல் மறந்துபோச்சு, அந்தச் சாக்லேட்டு மட்டும் இன்னும் நாக்குல இருக்கு." குரலை உயர்த்தவே இல்லை. "கிளாவா அத்தையும் சாகறதுக்கு முன்னாடி சொன்னாங்க. போலீசுக்கு எழுதிக் குடுத்தது நான்தான், பயத்துல எழுதினேன், நான் எழுதலைன்னா தெரிஞ்சும் சொல்லலைன்னு என்னையும் புடிச்சிருப்பாங்கன்னு. எனக்கு அதெல்லாம் பழசு. எனக்கு வேண்டியது அது இல்ல."

"வேற என்ன?"

"அம்மாவுக்குத் தெரியுமா? நான்தான் சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியுமா? அவங்கள கூட்டிட்டுப் போனப்ப நான் வாசல்ல நின்னேன். அவங்க என்னத் திரும்பிப் பாக்கல. படியிறங்கிப் போயிட்டே இருந்தாங்க. கோவத்துல பாக்கலையா, வேற எதுக்காகவாவது பாக்கலையா? எம்பது வருஷமா எனக்கு இந்த ஒரே கேள்விதான். அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். ஒரு வாக்கியம் போதும்னு சொன்னேனே, அந்த வாக்கியம் எங்க ஜோயா?"

அழித்துவிட்டேன் என்றேன். எந்தச் சொல்லில் சொன்னேன் என்று நினைவில்லை. உங்களுக்காகத்தான் என்றேன். பிறகு, எனக்காகவும்தான் என்றேன்.

அவர் எழுந்து அந்தச் சுவருக்குப் போனார். வெறும் செங்கல். உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கிளாவா அத்தையும் என் நல்லதுக்குத்தான் அந்தப் படத்த வெட்டினாங்க," என்றார்.

அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் முழுசாக் கேட்டேன் மத்வேய் இலியிச்," என்றேன். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. சொல்றேன், கேளுங்க. அம்மா பசையோட திரும்பி வந்தாங்க. நீங்க ஓடிப்போய், 'அம்மா, மாமாவப் பத்தி கிளாவா அத்தைகிட்ட சொல்லிட்டேன்'னு சொன்னீங்க. அவங்க எதுவும் பேசல. பதினோரு விநாடி. அப்புறம் பேப்பரக் கிழிக்கற சத்தம். பசை காயறதுக்குள்ள அந்தப் படத்த உரிச்சு எடுக்கப் பாத்தாங்க. எடுத்துட்டா ஒண்ணும் இல்ல, குழந்தை உளறுதுன்னு சொல்லிடலாம். அப்போ நீங்க கேட்டீங்க, 'ஏம்மா கிழிக்கிற? நான் செஞ்சது தப்பா?'ன்னு. அழற மாதிரி கேட்டீங்க."

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே நின்றார்.

"அவங்க நிறுத்திட்டாங்க. 'இல்லடா. காத்து புகுந்து உப்பிக்கிச்சு, சரி பண்ணேன்'னு சொன்னாங்க. கிழிச்சத மறுபடி தடவி ஒட்டினாங்க. தடவற சத்தம் கேட்டுது. 'ஒரு தப்பும் இல்ல. நீ பசை ரொம்ப நல்லாத் தடவியிருக்கடா மோத்யா'ன்னாங்க. அப்புறம் ஆறு நிமிஷம் உங்களோட சேர்ந்து மீதிச் சுவர ஒட்டினாங்க. படம் அப்படியே இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன், அவங்க அத எடுக்கவே இல்ல. எடுத்தா நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

வெளியே டிராம் போனது. அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அருமையா இருக்கு," என்றார். "கேக்க அவ்வளவு நல்லா இருக்கு. நான் இத எப்படி நம்பறது, ஜோயா மாரப்பனோவ்னா? என் மனசு நோகக்கூடாதுன்னு ஒரு தடவ வெட்டினீங்க. இப்போ என் மனசு நோகக்கூடாதுன்னு ஒட்டறீங்களோ என்னவோ."

மறுபடி 'நீங்க'.

உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒரு துகள்கூட இல்லை. அந்த அம்மா தன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்த ஒன்றை நான் ஒரு பொத்தானில் தொலைத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். அவர் வாதாடவில்லை. "நானும் சேந்துதான் கண்ணு வெட்டுனேன்," என்றார். அதற்குமேல் நெவாவைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை.

மே கடைசியில் சுவரை இடித்தார்கள். மத்வேய் இலியிச்சுக்கு ஊர் எல்லையில் பதினான்காவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். ஜிப்சம் சுவர், பசையே கிடையாது. ஜூன் முதல் ஞாயிறு அவரே கூப்பிட்டார்.

"மதியம் வாங்க. இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

போனேன். மேசையில் ஒரு நோட்டு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். போன வாரம் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த நிலத்தையும் மூன்று தடவை அளக்காமல் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. பொய்யாக இருந்தால் ஒரு நாள் மாறும் என்பது அவர் கணக்கு. நான் கோபப்படவில்லை. அது அவர் உரிமை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், இலை உதிர்ந்தது, பனி விழுந்தது. ஒவ்வொரு ஞாயிறும் டீ, செர்ரி ஜாம், அந்த ஏழு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "சரி, அடுத்த வாரம் வாங்க," என்பார். நம்புகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது. தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். கரகரப்பான அந்தக் குரல் என் காதில் மெல்ல மெல்ல என் குரல் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

போன ஞாயிறு, வழக்கம்போல ஆரம்பித்தேன். நீங்கள் ஓடிப்போய்ச் சொன்னீர்கள், அவர்கள் பதினோரு விநாடி எதுவும் பேசவில்லை என்றேன்.

"நில்லு," என்றார். கண்ணைத் திறந்திருந்தார். "அந்தப் பதினோரு விநாடி அவங்க சும்மா நிக்கல. குனிஞ்சு என் தலையத் தடவினாங்க. கையெல்லாம் பசை. முடி ஒட்டிக்கிட்டு இழுத்துச்சு. கத்தலாம்னு பாத்தேன், கத்தல. இத்தன நாளா வர்ற, அத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

தலையைத் தடவுவதற்குச் சத்தம் கிடையாது. எந்தப் பசையிலும் அது பதிய வழியில்லை. எனக்கு அது தெரியும். நாற்பது வருடம் நிலத்தை அளந்தவருக்கும் தெரியாமல் இருக்காது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் உச்சந்தலையில் கையை வைத்திருந்தார்.

"மறந்துட்டேன், மத்வேய் இலியிச்," என்றேன்.

"பரவால்ல. அடுத்த வாரம் அதையும் சேர்த்துச் சொல்லு."